சமையல் எரிவாயு

மரக்காணத்து உப்பளங்களில் உவர்நீர் தாழ்ந்த பாத்திகளை நாடிச் சென்று தேங்குகிறது. வீட்டில் கசியும் சமையல் எரிவாயுவின் இயல்பும் அத்தகையதே. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த அது காற்றினும் கனமானது. ஆதலால் மேலெழாமல் தரையில் படிந்து நிற்கும். இயல்பில் மணமற்ற அதனுடன், கசிவை உணர்த்துதற்கென்றே நாற்றமுள்ள மெர்காப்டன் சேர்க்கப்படுகிறது.

அந்நாற்றம் வீசினால் விளக்கேற்றலாகாது. மின்விசையைத் தொடுதலும் ஆகாது. சிறு பொறியும் வீட்டையே எரித்துவிடும். ரெகுலேட்டரை மூடிக் கதவு, சன்னல்களைத் திறந்தால் கடற்காற்று அவ்வாயுவை அகற்றும். அனைவரும் வெளியேறி, 1906 என்னும் தொலைபேசி எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும்.

கடலோர உப்புக்காற்று இரும்பை அரிக்கும். ஆதலின் இணைப்புகளில் சோப்புநீர் தடவி, குமிழி தோன்றுகிறதா என்று அவ்வப்போது பார்த்தல் நன்று. தீக்குச்சி கொளுத்திச் சோதித்தல் பெருங்கேடு. பாத்திக்கு வரப்புப் போல வீட்டுக்கு விழிப்பே காவல்.