அளந்தறியும் கல்வி

நுழையும்முன்

மருத்துவம், பொறியியல் பற்றிப் பேசும் அளவிற்குக் கட்டடக்கலைக் கல்வியைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதில்லை. வீட்டையும் தெருவையும் குளத்தையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் அக்கல்வியில் மாணவர்க்கென்றே நல்கைகளும் பரிசுகளும் உள்ளன. அவை எதனை எதிர்பார்க்கின்றன என்பதைக் கொங்கு நிலத்தோடு பொருத்திக் காட்டுகிறது இப்பாடம்.

பிரான்சு நாட்டில் 'உரோமைப் பரிசு' என்றொரு பரிசு இருந்தது. 1663இல் ஓவியர்க்கும் சிற்பியர்க்குமாகத் தொடங்கப்பெற்ற அது, 1720 முதல் கட்டடக்கலை மாணவர்க்கும் உரியதாயிற்று. வென்றவர், அரசின் செலவில் உரோமை நகரில் தங்கிப் பழங்கட்டடங்களை அளந்து, வரைந்து, பாரிசுக்கு அனுப்ப வேண்டும். 1824இல் வென்ற ஆன்றி லப்ரூஸ்து, தென் இத்தாலியில் உள்ள பேஸ்டம் என்னும் ஊரின் கோயில்களை அளந்தார். கிரேக்கக் கலைக்கு மாறாத இலக்கணம் ஒன்று உண்டு என்று அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அங்குக் குடியேறிய மக்கள், கிடைத்த கல்லுக்கும் தம் தேவைக்கும் ஏற்பக் கட்டடமுறையை மாற்றிக்கொண்டனர் என்று அவருடைய வரைபடங்கள் கூறின. கலைக்கழகத்தில் பெரும் பூசல் எழுந்தது. பரிசு கொடுத்தவர்களையே எதிர்த்து நிற்கும் துணிவை அளவுகோல் ஒரு மாணவருக்குத் தந்தது எனலாம்.

இந்தியாவில் இதற்கு இணையாகச் சுட்டத்தக்கவர் பாலகிருஷ்ண தோஷி. பாரிசில் லெ கொர்புசியேவிடம் பணியாற்றித் திரும்பிய அவருக்கு, 1958இல் சிகாகோவின் கிரகாம் அறக்கட்டளை நல்கை வழங்கியது. 1962இல் அவர் அகமதாபாத்தில் கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் இந்தூர் நகரின் எளிய மக்களுக்காக ஆரண்யா குடியிருப்பை வடிவமைத்தார். அதற்கு முன்னர் அந்நகரின் குடிசைப் பகுதிகள் ஆராயப்பட்டன. வாசலில் எவ்வளவு இடத்தில் சமைக்கிறார்கள், மரநிழலில் என்னென்ன தொழில்கள் நடக்கின்றன, சிறுகடை எவ்வாறு முளைக்கிறது என்பனவெல்லாம் வரையப்பட்டன. ஆகவே, முழு வீட்டைக் கட்டித் தருவதற்கு மாறாக, மனையும் அடித்தளமும் கழிப்பறையும் குடிநீர் இணைப்பும் தந்து, மக்களே தம் வருவாய்க்கேற்ப வளர்த்துக்கொள்ளும் முறை அங்குப் பின்பற்றப்பட்டது. 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் தோஷியே.

மாணவர்க்கான இன்றைய பரிசுகளும் இவ்வழியிலேயே செல்கின்றன. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1998இல் நிறுவப்பட்ட பெர்க்லி பரிசு, கட்டடக்கலையைச் சமுதாயக் கலையாகக் கண்டு கட்டுரை எழுதும் இளநிலை மாணவர்க்கானது. பிரித்தானியக் கட்டடக்கலைஞர் கழகத்தின் நார்மன் ஃபாஸ்டர் பயண நல்கையின் தொகை 7,000 பவுண்டு. 2011இல் அதனை வென்ற மும்பை மாணவர் எடுத்துக்கொண்ட பொருள் மாளிகையன்று; எட்டுப் பெருநகரங்களின் கழிவகற்றும் முறை! நம் நாட்டுக் கட்டடக்கலை மாணவர்களின் தேசியச் சங்கம் நடத்தும் போட்டிகளுள், ஆவணப்படுத்தும் பணிக்கென்றே லூயி கான் பெயரில் ஒரு கோப்பை உண்டு.

இனிக் கொங்கு நாட்டுக்கு வருவோம். இங்குள்ள தொட்டிக்கட்டு வீடுகளில் நடுவே வானம் பார்த்த வாசல்; சுற்றிலும் தாழ்வாரம்; முன்புறம் விருந்தினர் அமரும் ஆசாரம். நாட்டு ஓடுகளில் வழியும் மழைநீர் நடுவாசலில் விழும். வெப்பம் மேலெழுந்து வெளியேறும். சொத்துப் பிரிவினையின்போது இத்தகைய வீடுகள் பல இடிக்கப்பட்டு, தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. அளக்கப்படாமல் இடிந்த வீட்டை மீண்டும் அளக்க இயலாது. ஆசாரம், தொட்டி போன்ற சொற்களும் அவ்வீட்டோடு போய்விடுகின்றன.

ஆய்வுப்பொருள் பழைமையில் மட்டும் இல்லை. திருப்பூரில் பின்னலாடைத் தொழிலாளர் வாழும் லைன் வீடுகளில், ஒரு குழாயையும் ஒரு கழிப்பறையையும் எத்தனை குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன? கோவையில் நொய்யலின் நீரைப் பெறும் குளங்கள் சீர்மிகு நகரத் திட்டத்தில் அழகுபடுத்தப்பட்டன. 2022ஆம் ஆண்டுக்கான தேசிய விருதும் அப்பணிக்குக் கிடைத்தது. குளக்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன. அவர்கள் இப்போது வேலைக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தொலைவு செல்கிறார்கள்? நடைபாதையின் அழகையும் இந்தத் தொலைவையும் ஒரே வரைபடத்தில் காட்டும் மாணவரே நகர வடிவமைப்பு ஆய்வாளர் ஆகிறார்.

பன்னாட்டுப் பரிசுகள் பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரையைக் கேட்கின்றன. தமிழ்வழியில் பயின்றோர்க்கு இது தடையே. ஆயினும், குளக்கரைப் பாட்டியிடம் கேட்டறிவதற்கு ஆங்கிலம் உதவாது. கட்டுரையின் மொழியைப் பிறர் துணையோடு திருத்திக்கொள்ளலாம். செய்தியை அவ்வாறு பெற முடியாது.

கட்டடக்கலை இளநிலைப் பட்டம் ஐந்தாண்டுப் படிப்பு. மேல்நிலை வகுப்பில் கணிதம் பயின்றிருத்தல் வேண்டும். கட்டடக்கலைக் குழுமம் 2006 முதல் நடத்திவரும் 'நாட்டா' என்னும் தேசியத் திறனறித் தேர்வு, வரையும் திறனையும் உற்றுநோக்கும் திறனையும் சோதிக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள பழைய வீடு ஒன்றின் திண்ணையையோ தாழ்வாரத்தையோ, உரியவர் இசைவு பெற்று, அளந்து வரைபடமாக வரைக. வீட்டின் பகுதிகளுக்கு மூத்தோர் வழங்கும் பெயர்களை அதில் குறிக்க.

2. அருகிலுள்ள குளத்திற்கு நீர் வரும் வழியையும், அது நிரம்பினால் நீர் வெளியேறும் வழியையும் நடந்து சென்று கண்டு எழுதுக. வழி அடைபட்டிருந்தால், எப்போது அடைபட்டது என்பதை அங்கு வாழ்வோரிடம் கேட்டறிக.