தீ இல்லாத நாளின் வேலை

முன்னுரை

பத்துக் கன்னியர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். பத்துப் பேரின் கையிலும் விளக்கு இருந்தது. ஆனால், ஐந்து பேரே கலயத்தில் எண்ணெயும் எடுத்துச் சென்றனர். நள்ளிரவில் மணமகன் வந்தபோது மற்ற ஐவரின் விளக்குகள் அணையும் நிலையில் இருந்தன. கருவி இருப்பது வேறு, அது ஆயத்தமாக இருப்பது வேறு என்பதை இவ்வுவமை நமக்கு உணர்த்துகிறது. நகரத் தீயணைப்புப் படைகளின் தொடக்ககால வரலாறும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் 1824-ஆம் ஆண்டு தோன்றிய படையையும், அதன் தலைவரான ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டையும் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

இருந்தும் உதவாத எஞ்சின்கள்

அக்காலத்துத் தீயணைப்பு எஞ்சின் இன்றைய சிவப்பு மோட்டார் வண்டி அன்று. அது சக்கரங்களின்மேல் அமைந்த ஒரு தொட்டி. அதனுள் இரண்டு பம்புகள் இருக்கும். இருபுறமும் நீண்ட கைப்பிடிகள் உண்டு. ஆட்கள் இருபுறமும் வரிசையாக நின்று, மாறி மாறி அழுத்தினால் தண்ணீர் பீறிட்டுப் பாயும்.

1666-இல் லண்டன் மாநகரம் நான்கு நாட்கள் எரிந்தது. சுமார் 13,200 வீடுகள் சாம்பலாயின. அதன்பின், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டனின் ஒவ்வொரு கோயில் பங்கும் ஓர் எஞ்சின் வைத்திருக்க வேண்டும் எனச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்திற்குப் பணிந்து எஞ்சினை வாங்கி வைத்தனர். ஆனால், அதைப் பேணுவது யாருடைய முழுநேர வேலையும் அன்று. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836-இல் வெளியிட்ட தமது முதல் நூலில் இதைக் கேலி செய்துள்ளார். பங்கின் எஞ்சின் ஆரவாரத்துடன் தீப்பிடித்த வீட்டை அடைகிறது. சிறுவர்கள் மூச்சிரைக்கக் கைப்பிடியை அழுத்துகிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீரும் வரவில்லை. எஞ்சினில் தண்ணீரை நிரப்பும் முறை அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாதாம்! இதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால், எரியும் வீட்டின் மாடியில் நிற்பவருக்கு இது சிரிப்பாக இருக்குமா?

எடின்பரோவின் புதிய படை

எடின்பரோவில் காப்பீட்டுக் கம்பெனிகள் தனித்தனியே எஞ்சின்கள் வைத்திருந்தன. 1824-இல் அவற்றையெல்லாம் ஒரே தலைமையின்கீழ்க் கொண்டுவந்து நகரப் படை அமைக்கப்பட்டது. அதன் தலைவராக அக்டோபர் மாதம் நியமிக்கப்பட்ட பிரெய்ட்வுட்டுக்கு அப்போது வயது 24 தான்.

படை உருவாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. நவம்பர் 15-ஆம் நாள் இரவு, நகரின் பழைய பகுதியில் ஒரு தொழிற்கூடத்தில் தீப்பற்றியது. உயர்ந்த கட்டடங்கள், அவற்றினிடையே எஞ்சின் நுழைய முடியாத குறுகிய சந்துகள். தண்ணீரும் எளிதில் கிட்டவில்லை. பயிற்சி முடியாத வீரர்களுக்கு ஆளுக்கொரு பெரிய மனிதர் கட்டளையிட்டார். சுமார் 400 வீடுகள் அழிந்தன. தீயணைப்பு வீரர் இருவர் உட்பட 13 பேர் உயிரிழந்தனர். இனித் தீ விபத்தில் படைத்தலைவரின் கட்டளை ஒன்றே செல்லும் என்ற முடிவு இத்துயரத்தின் பின்னரே பிறந்தது.

தோல் குழாயின் கதை

பிரெய்ட்வுட்டுக்கு முன், பெரும்பாலும் தெருவில் நின்றபடியே தண்ணீரைப் பீய்ச்சுவர். புகையில் விழுந்த நீர் தீயின் வேரைத் தொடாது. வீரர்கள் கட்டடத்தினுள் சென்று, தீயின் அருகில் நின்று அணைக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஒருவர் தனியே செல்லலாகாது. இருவராகவே செல்ல வேண்டும்.

இவ்வாறு உள்ளே செல்பவரின் உயிர் எதை நம்பியிருக்கிறது? அவர் கையிலுள்ள குழாயைத்தானே! அந்நாளில் குழாய் தோலினால் ஆனது. நூலால் தைத்த தையல், நீரின் அழுத்தத்தில் பிரிந்துவிடும். எனவே செப்பு ஆணிகளால் இணைத்த குழாய்கள் வழக்கத்திற்கு வந்தன. ஆயினும் தோல் தோல்தானே? ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்து மட்கும். காயவிட்டு மறந்துவிட்டால் விறைத்து வெடிக்கும். ஆகவே, ஒவ்வொரு தீ விபத்தின் பின்பும் குழாயைக் கழுவி, தண்ணீர் வடியத் தொங்கவிட்டு, எண்ணெயும் கொழுப்பும் கலந்த பூச்சைத் தேய்த்து ஊறவைக்க வேண்டும். பம்பினுள் இருக்கும் தோல் பாகங்களுக்கும் இதே கவனிப்பு தேவை. தண்ணீரோடு சேறும் கல்லும் புகாமல் வடிகட்டி காக்க வேண்டும். குளிர்காலத்தில் பம்பில் தங்கிய நீர் உறைந்தால் உலோகமே பிளந்துவிடும்.

களைத்து வந்த வீரர் உறங்கச் செல்லுமுன் செய்ய வேண்டிய வேலை இது. இதற்குக் கைதட்டல் இல்லை. ஆனால், அடுத்த விபத்தில் ஓர் உயிர் பிழைப்பது இதனால்தான்.

ஆட்களும் பயிற்சியும்

கூரை வேய்பவர், தச்சர், கொத்தனார், குழாய் வேலை செய்பவர், கொல்லர் ஆகியோரையே பிரெய்ட்வுட் தேர்ந்தெடுத்தார். கூரை வேய்பவருக்கு உயரம் பழக்கம். கொத்தனாரும் தச்சரும் எந்தச் சுவர் நிற்கும், எந்த உத்திரம் விழும் என்பதை அறிவர். கொல்லர் பழுதான கருவியைச் செப்பனிடுவார். படை நான்கு பிரிவாக இருந்தது; எஞ்சின்களுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல் என வெவ்வேறு நிறம் தீட்டப்பட்டது. அதிகாலை 4 மணிக்குப் பயிற்சி நடைபெறும். இருட்டிலும் கை தானாகவே கருவியைத் தேடிப் பழக வேண்டுமல்லவா? மேலும், பழுது பயிற்சியிலேயே வெளிப்பட்டுவிட்டால் விபத்தில் வெளிப்படாது. இம்முறைகளை விளக்கி 1830-இல் அவர் ஒரு நூலும் எழுதினார்.

திறந்திருந்த கதவுகள்

1833-இல் லண்டன் தீயணைப்பு அமைப்பு அவரைத் தலைவராக அழைத்துக்கொண்டது. அங்கு 28 ஆண்டுகள் பணியாற்றினார். 1861 ஜூன் 22-ஆம் நாள் தேம்ஸ் நதிக்கரையில், டூலி தெருவின் கிடங்குகளில் பெருந்தீ மூண்டது. தீ பரவாதிருக்கக் கிடங்குகளுக்கிடையே இரும்புக் கதவுகள் இருந்தன. ஆனால், அவை மூடப்படாமல் திறந்தே கிடந்தன! நதியிலும் நீர் வற்றியிருந்த நேரம். தம் வீரர்களுக்கு உதவச் சென்ற பிரெய்ட்வுட்மீது சுவர் இடிந்து விழுந்தது. அவர் அங்கேயே உயிர் நீத்தார். வாழ்நாளெல்லாம் ஆயத்தத்தைப் போதித்தவர், பிறருடைய ஆயத்தமின்மை மூட்டிய பெருந்தீயில் மாண்டார். தீ முற்றிலும் அடங்க இரண்டு வாரங்கள் ஆயின. 1866-இல் லண்டனின் தீயணைப்புப் பணி அரசின் பொறுப்பில் வந்தது. எடின்பரோ நகரம் 2008-இல் அவருக்குச் சிலை எழுப்பி நன்றி செலுத்தியது.

முடிவுரை

முன்னெச்சரிக்கை இல்லாத வாழ்வுக்கு நெருப்பருகே கிடக்கும் வைக்கோலை உவமை காட்டினார் வள்ளுவப் பெருந்தகை. பள்ளிகளின் தாழ்வாரங்களில் தொங்கும் சிவப்பு வாளிகளை நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். அவற்றில் இருப்பது மணலா, மிட்டாய்க் காகிதமா? தீயணைப்பானின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா? ஆய்வுக்கூடத்தில் எரிவாயுக் குழாய் வெடிப்பின்றி இருக்கிறதா? வெளியேறும் கதவின் முன் உடைந்த பெஞ்சுகள் அடுக்கப்பட்டுள்ளனவா? இவற்றைப் பார்க்க வீரம் வேண்டியதில்லை. கண்ணும் பொறுப்புணர்ச்சியும் போதும். எரியும் வீட்டினுள் நுழையும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால், குழாய்க்கு எண்ணெய் தேய்க்கும் பொறுமை நம் அனைவருக்கும் கைவரக்கூடியதே. தீ இல்லாத நாளில் நமது கடமையைச் செய்து, ஆயத்தமாய் இருப்போமாக!