புயலின் வலப்புறமும் இடப்புறமும்

புயல் எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதை மட்டும் கேட்டறிந்து அதன் கடுமையை மதிப்பிடுவது குடியானவரிடையே வழக்கம். தொலைவு ஒன்றே போதாது; புயலின் எப்புறத்தில் தம் ஊர் இருக்கிறது என்பதும் அறியத்தக்கதாகும்.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலின் மையம் நாஞ்சில் நாட்டில் கரையேறவில்லை. அது கன்னியாகுமரிக்குத் தெற்கே, கடல்மீதே மேற்கு நோக்கிச் சென்றது. எனினும் வாழைத் தோட்டங்கள் அழிந்தன; ரப்பர் மரங்கள் முறிந்தன; மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன; கடலில் இருந்த மீனவர் பலர் உயிரிழந்தனர். குமரி மாவட்டம் அப்புயலின் வலப்புறத்தில் அமைந்திருந்தது.

பூமத்திய ரேகைக்கு வடக்கே புயற்காற்று, கடிகார முள் சுழலும் திசைக்கு எதிராக மையத்தைச் சுற்றி வீசுகிறது. அத்துடன் புயல் முழுவதும் ஒரு திசையில் நகர்கிறது. மேற்கே செல்லும் புயலுக்கு வடபாகமே வலப்புறம். அங்குக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசுவதால், நகரும் வேகம் அதனுடன் கூடுகிறது. தென்பாகத்திலோ காற்று எதிர்த்திசையில் வீசுவதால் அவ்வேகம் கழிகிறது.

உதாரணமாக, சுழற்காற்றின் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரும், புயல் நகரும் வேகம் 20 கிலோமீட்டரும் எனக் கொள்வோமாயின், வலப்புறத்தில் 90-உம் இடப்புறத்தில் 50-உம் ஆகும். இது விளக்கத்திற்குரிய கணக்கே. நிலம், மலை, மரச்செறிவு ஆகியவற்றால் காற்றின் வேகம் இடத்திற்கிடம் மாறும்.

காற்றை எதிர்நோக்கி நிற்பவருக்குப் புயலின் மையம் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் இருக்கும். காற்று வடகிழக்கில் தொடங்கி, கிழக்காகி, பின் தென்கிழக்காக மாறினால், புயல் ஊருக்குத் தெற்கே செல்கிறது. ஊர் வலப்புறத்தில் உள்ளது. வடக்கில் தொடங்கி மேற்காக மாறினால், ஊர் இடப்புறத்தில் உள்ளது எனக் கொள்க.

குமரி முனைக்குத் தெற்கே புயல் மேற்காகச் செல்லும் என்ற எச்சரிக்கை கிடைத்தவுடன், காற்று எழுமுன்னரே செய்யத்தக்கவை:

1. குலை தள்ளிய வாழை மேற்கே சாயுமாதலால், தென்மேற்கிலும் வடமேற்கிலும் முட்டுக் கொடுத்தல்.

2. முற்றிய குலைகளை வெட்டி எடுத்தல்.

3. வயல்களின் வடிகால்களைத் திறந்து வைத்தல்.

4. கிழக்குக் காற்றில் வீட்டின்மேல் விழக்கூடிய கிளைகளை நீக்குதல்.

கிராம அதிகாரிகள், புயல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பதுடன், ஊருக்கு எத்திசையில் செல்லும் என்பதையும் தெரிவித்தல் நலம். இடப்புறத்து ஊர்களும் அசட்டையாக இருத்தல் ஆகாது. அங்கும் பெருமழை பெய்யக்கூடும். புயல் திசை மாறுவதும் உண்டு.