மனச்சோர்வுக்கு முதல் கதவு செம்பவாங்கிலேயே இருக்கிறது

"தலை பாரமா இருக்கு டாக்டர். ராத்திரி தூக்கம் வர்றதில்ல. உடம்பு பூரா வலி." நம்மவர்களில் பலர் மருந்தகத்தில் இதை மட்டும் சொல்லிவிட்டு, வலி மாத்திரையும் ஒரு நாள் மருத்துவ விடுப்பும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். சில மாதங்களாகவே எதிலும் பிடிப்பில்லை, சமைக்கவும் கைவரவில்லை, பிள்ளைகள் பேசினாலும் எரிச்சல் வருகிறது என்பதெல்லாம் டாக்டரின் காதுக்கு எட்டுவதே இல்லை. சொன்னால் உடனே மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம்.

இந்தப் பயத்துக்கு வயது அதிகம். 1928ல் சிங்கப்பூரின் ஈயோ சூ காங்கில் கட்டப்பட்ட மனநல மருத்துவமனைக்கு 1951ல் உட்பிரிட்ஜ் என்று பெயர் மாறியது. அந்தப் பெயரே காலப்போக்கில் ஏச்சாகிப் போனது. 1993ல் அது புவாங்கோக்குக்கு இடம் மாறி மனநலக் கழகமாக வளர்ந்துவிட்டது. ஆனாலும் பழைய பயம் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது. 2016ல் மனநலக் கழகம் நடத்திய நாடளாவிய ஆய்வின்படி, இங்கே வாழ்பவர்களில் 16 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது கடும் மனச்சோர்வு வந்திருக்கிறது. மனநோய்க்கு ஆளானவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் எந்தத் தொழில்முறை உதவியையும் நாடவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. பெரும்பாலோருக்கு அது வீட்டுக்குப் பக்கத்து மருந்தகத்திலேயே தொடங்கிவிடும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

கவலை எல்லோருக்கும் வரும், நாலு நாளில் போகும். இரண்டு வாரத்துக்கு மேல், கிட்டத்தட்ட தினமும், மனம் சோர்ந்தே கிடந்தாலோ, வழக்கமாகப் பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ கவனியுங்கள். அதோடு தூக்கம் கெடுவது, பசி மாறுவது, ஓயாத களைப்பு, கவனம் சிதறுவது, 'நான் யாருக்கும் பிரயோஜனமில்லை' என்ற எண்ணம் ஆகியவையும் சேர்ந்தால் மருந்தகத்துக்குப் போக வேண்டிய நேரம் அது.

ஆண்களிடம் இது பெரும்பாலும் அழுகையாக வெளிவராது. கோபமாகவோ, கூடிக்கொண்டே போகும் குடியாகவோ வரும். முதியவர்களிடம் மறதி போலவும் தீராத உடல்வலி போலவும் தெரியும். பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் 'குழந்தை மேல் பாசமே வரவில்லையே' என்ற குற்ற உணர்வாக வரும். நீரிழிவு, இதய நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

மருந்தகத்தில் என்ன நடக்கும்?

செம்பவாங் பலதுறை மருந்தகம் புக்கிட் கான்பெரா வளாகத்தில் இருக்கிறது. நீச்சல் குளமும் உணவங்காடி நிலையமும் உள்ள அதே வளாகம். சளிக்குப் போகிறீர்களா, சர்க்கரைக்குப் போகிறீர்களா, மனதுக்காகப் போகிறீர்களா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியப் போவதில்லை.

உள்ளே போனதும் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "டாக்டர், ரெண்டு வாரத்துக்கு மேல மனசு சரியில்ல. எதுலயும் பிடிப்பில்ல. தூக்கமும் போச்சு." ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லையென்றால், பிள்ளையிடம் சொல்லி ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போய் நீட்டுங்கள்.

டாக்டர் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைத் தரக்கூடும். கடந்த இரண்டு வாரத்தில் ஆர்வமின்மை, மனச்சோர்வு, தூக்கம், களைப்பு, பசி, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், கவனம், உடல் மந்தம் அல்லது பதற்றம், சாவு பற்றிய எண்ணம் ஆகியவை எத்தனை நாள் இருந்தன என்று அது கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் இன்னும் விரிவாக விசாரிப்பார். கடைசிக் கேள்விக்குக் கூச்சப்பட்டு 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். உங்களைக் காப்பாற்றவே அந்தக் கேள்வி இருக்கிறது.

தைராய்டு சுரப்புக் குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே அறிகுறிகள் வரும். அதனால் ரத்தப் பரிசோதனையும் செய்யலாம். எப்போதாவது பல நாள் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு பேசிக்கொண்டும் செலவழித்துக்கொண்டும் இருந்ததுண்டா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுப்பது நிலையை மோசமாக்கலாம்.

பேச்சுவழிச் சிகிச்சை

'பேசினால் என்ன ஆகிவிடும்?' என்று கேட்பவர்களுக்குக் கோவாவின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அங்கே மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலின் குழு, மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகள் கொண்ட சிகிச்சையைத் தரச் செய்தது. லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினரே தேறினார்கள்.

அந்தச் சிகிச்சையின் அடிப்படை எளிது. மனம் சோர்ந்தால் நாம் படுத்துவிடுகிறோம். படுத்துக் கிடப்பதால் சோர்வு இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலை அறுக்க, மனம் வருகிறதா இல்லையா என்று பார்க்காமல், நேரம் குறித்து ஒரு சின்ன வேலையைச் செய்ய வேண்டும். காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் புளோக்கைச் சுற்றி நடப்பது, சனிக்கிழமை செம்பவாங் பூங்காவில் கடலோரம் ஒரு தோழியோடு அரைமணி நேரம் உட்காருவது என்று வாரத்துக்கு இரண்டைத் தாளில் எழுதி, முடித்ததும் குறித்து வைப்பது. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக் வளர்த்தெடுத்த சிந்தனை நடத்தைச் சிகிச்சை இன்னொரு படி போகிறது. 'எல்லாம் என் தப்பு' என்பது போன்ற எண்ணங்களைப் பிடித்து, அது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கக் கற்றுத் தருகிறது.

மாத்திரையைப் பற்றிய பயங்கள்

மிதமான, கடுமையான மனச்சோர்வுக்கு மாத்திரை நல்ல துணை. ஃபுளூவாக்செட்டின், செர்ட்ரலின், எசிட்டலோப்ராம் போன்றவை அதிகம் தரப்படுபவை. முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, தூக்க மாற்றம் வரலாம். பலருக்குச் சில நாளில் அடங்கிவிடும். பாலுறவில் நாட்டம் குறைந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்ற வழியுண்டு. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். 'ஒரு வாரம் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை' என்று நிறுத்துவதே நம்மிடையே அதிகம் நடக்கும் தவறு. முதல் மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அப்போது இரண்டாவதை முயல்வார்கள்.

இவை போதை மருந்துகள் அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையைப் போடுவதற்கு நாம் வெட்கப்படுவதில்லை, இதற்கும் வெட்கம் வேண்டாம். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் வீட்டார் அருகில் இருந்து கவனிக்க வேண்டும்.

மாத்திரைக்கும் பேச்சுக்கும் கட்டுப்படாத கடும் நிலைக்கு மின்னதிர்வுச் சிகிச்சை இருக்கிறது. சினிமாவில் காட்டுவது போல் அல்லாமல், இன்று அது மயக்க மருந்து கொடுத்தே செய்யப்படுகிறது. நிபுணர் கவனிப்புத் தேவைப்பட்டால் ஈசூனில் உள்ள கூ டெக் புவாட் மருத்துவமனைக்கோ மனநலக் கழகத்துக்கோ அனுப்புவார்கள்.

செலவு

கடும் மனச்சோர்வு 2009லிருந்து நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இருக்கிறது. நீரிழிவுக்குப் போலவே இதற்கும் மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகங்களில் சாஸ் (CHAS) அட்டைக்கும் சலுகை உண்டு. பதிவு மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விடுதியில் இருக்கும் தம்பிகளுக்கு

செம்பவாங்கின் தங்குவிடுதிகளில் ஊர்க்கடனையும் குடும்பத்தையும் சுமந்துகொண்டு தூக்கமில்லாமல் கிடப்பவர்கள் உண்டு. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை பர்மிட் போய்விடுமோ என்று வாய் திறக்க மாட்டார்கள். ஹெல்த்சர்வ் அமைப்பு வெளிநாட்டு ஊழியர்களுக்கென்றே 24 மணி நேரத் தொலைபேசிச் சேவை நடத்துகிறது: 3129 5000. தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சாப்பிடாமல், ஊருக்குப் போன் போடாமல் இருந்தால், நீங்களே அவருக்காக அழையுங்கள்.

வீட்டார் செய்ய வேண்டியது

"மனசைத் திடப்படுத்திக்கோ", "உனக்கென்ன குறை?" இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். அவரால் முடிந்திருந்தால் எப்போதோ செய்திருப்பார். "டாக்டர்கிட்ட நானும் கூட வர்றேன்" என்று சொல்லி, நாள் குறித்துக் கூட்டிப் போங்கள். செம்பவாங் கடற்படைத் தளத் தொழிலாளர்களால் உருவாகி இன்று ஈசூனில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்கும் கூட்டிப் போங்கள். கும்பிடுவது பலருக்குத் தெம்பு தரும். அதற்காக மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

"சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, பேச வழி கிடைக்கும். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றமில்லை. எனவே போலிசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். சேர்த்து வைத்த மாத்திரைகளை எடுத்துவிடுங்கள். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, மனநலக் கழகம் 6389 2222 ஆகிய மூன்றும் எந்நேரமும் திறந்திருக்கும். உயிருக்கு ஆபத்தென்றால் 995ஐ அழையுங்கள்.

இதைப் படிக்கும்போது ஒருவர் முகம் உங்கள் நினைவுக்கு வந்திருந்தால், இன்றே அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அந்த முகம் உங்களுடையதே என்றால், இந்த வாரமே ஒரு நாள் குறித்து மருந்தகத்துக்குப் போங்கள். உடல்வலியைச் சொல்லும்போது மனதின் வலியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.