அறிவிப்பு வாடகை தராது



தேனி நேரு சிலைப் பக்கம் சின்னதாக ஓர் அறை பிடித்து, மனை வாங்கித் தரும் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் தம்பி, இந்தக் கடிதம் உனக்கு. வந்து உட்காருபவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கையில பத்து லட்சம் இருக்கு. தேனியில போடலாமா, போடியிலயா, கம்பத்துலயா?"

விலைப் பட்டியலை எடுப்பதற்கு முன் ஒன்றை யோசி. அந்த ஊரில் நாளைக்கு யார் குடிவருவார், யார் கடை வாடகை கொடுப்பார்? பதில் கிடைக்காத ஊரில் மனை காட்டாதே.

"ரயில் வரப்போகுது" என்று சொல்லி விற்பது சுலபம். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதைக்காக மூடப்பட்டது 2010 கடைசியில். தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூனில். ரயிலை நம்பி 2011-ல் ஸ்டேஷன் பக்கம் கடன் வாங்கி மனை போட்டவர், ரயில் சத்தம் கேட்பதற்குள் பதினோரு, பன்னிரண்டு வருட வட்டி கட்டியிருப்பார். ரயிலாவது வந்தது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் வரவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பு சுமார் 1,500 கோடி ரூபாய். 2022-ல் தமிழக அரசு அதை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லிவிட்டது.

ஆகவே இன்றைக்கு ஊரில் என்ன ஓடுகிறது என்று பார்.

தேனி 1996-ல் மாவட்டத் தலைநகரானது. ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், அருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி என்று மாதச் சம்பளக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மதுரை, பெரியகுளம், கம்பம் சாலைகள் கூடும் ஊர். வீட்டு வாடகையை நம்பி வாங்குபவருக்கு மூன்றில் இதுதான் முதல் இடம்.

போடியின் பணம் ஏலக்காய்ப் பணம். இடுக்கி மலையில் விளையும் காய் இங்கே ஏலத்துக்கு வருகிறது; தரம் பிரிக்கும் குடோன்களில் பெண்கள் முறத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டே வருடத்தில் ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. காய் விலை ஏறிய வருடம் கேட்ட மனை விலையை, இறங்கிய வருடத்தில் யாரும் தரமாட்டார்கள். குடோன், கடை என்று தொழிலுக்கு இடம் தேடுபவருக்குப் போடியைக் காட்டு. மாத வாடகையை எதிர்பார்த்திருக்கும் ஓய்வூதியக்காரருக்கு வேண்டாம்.

கம்பம் வேறு கணக்கு. விடியுமுன் தோட்ட வேலைக்குக் கேரளா கிளம்பும் ஜீப்புகள், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, 1895 முதல் முல்லைப் பெரியாறு தரும் தண்ணீர். அந்தத் தண்ணீரில் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நஞ்சை. ஊருக்குள் கடை, வீடு வாங்குவது சரி. வாய்க்கால் ஓரத்து வயலில் கல் ஊன்றி, வண்ணக் கொடி கட்டி, "சென்ட் இவ்வளவுதான்" என்று கூப்பிட்டால் திரும்பி வந்துவிடு. நஞ்சையை மனையாக்குவதற்குத் தனி அனுமதி வேண்டும். மண் போட்டு மேடாக்கினால் அனுமதி வந்ததாகாது.

செலவுக் கணக்கையும் முதலிலேயே சொல். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பத்து லட்ச ரூபாய் மனைக்குப் பொதுவாகத் தொண்ணூறாயிரம் ரூபாய் பதிவன்றே போய்விடும். இரண்டு வருடத்தில் விற்றுவிடலாம் என்று வருபவருக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

காகிதத்தில் மூன்றை விடாதே: நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) ஒப்புதல், வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம். 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்த அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதி கொண்டுவந்தது. பழைய மனை என்றால் வரன்முறை உத்தரவு எங்கே என்று கேள். பிறகு புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தில் நில். மலையடிவாரத்தில் பத்து மாதம் காய்ந்து, முள் மண்டிக் கிடக்கும் பள்ளம், வரைபடத்தில் ஓடைப் புறம்போக்காக இருக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும்.

நீயும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முகவராகப் பதிவு செய்துகொள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் அதன் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கு. இவையெல்லாம் கைக்கு வரும்வரை வாடிக்கையாளரிடம் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லாதே. கமிஷன் போனால் போகட்டும்.