நாள் ஒன்று, ஆண்டுகள் பல

1957 மார்ச் 22ஆம் நாள், சக ஆண்டு 1879, சைத்ர மாதம் முதல் நாளாக இந்தியத் தேசிய நாள்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதே நாள் விக்கிரம ஆண்டில் 2013. வங்காள ஆண்டில் 1363. கொல்லம் ஆண்டில் 1132. ஹிஜ்ரி ஆண்டில் 1376. தமிழ் மக்களுக்குத் துர்முகி ஆண்டின் பங்குனி மாதம். சென்னை மாநில வருவாய்க் கணக்குகளிலோ அது பசலி 1366.

இவ்வேறுபாடுகளுக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, தொடக்க ஆண்டு: சக ஆண்டு கி.பி. 78ஐயும், கொல்லம் ஆண்டு கி.பி. 825ஐயும் அடிப்படையாகக் கொண்டவை. இரண்டாவது, ஆண்டுப் பிறப்பு: விக்கிரம ஆண்டு வடமாநிலங்களில் சைத்ரத்திலும், குஜராத்தில் தீபாவளிக்கு மறுநாளும் பிறக்கிறது. மூன்றாவது, ஆண்டின் நீளம்: சந்திரனைக் கொண்டு கணக்கிடப்படும் ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது, ஆகவே சுமார் 33 ஆண்டுகளில் அது ஓர் ஆண்டு முந்திவிடுகிறது.

இம்மூன்றாவது காரணமே பசலி ஆண்டு தோன்ற வழிவகுத்தது. அறுவடை சூரியனின் போக்கை ஒட்டியது. வரித் தவணை சந்திர ஆண்டை ஒட்டி நகருமாயின், விளைச்சல் வீடு சேருமுன் உழவர் வரி செலுத்த நேரிடும். இதனைத் தவிர்க்க, அக்பர் காலத்தில் ஹிஜ்ரி 963 என்ற எண்ணை அப்படியே ஏற்று, அதன்பின் சூரிய ஆண்டாக எண்ணும் முறை வடக்கே வகுக்கப்பட்டது. தக்காணத்தில் ஷாஜஹான் காலத்தில், 1636இல், அப்போதைய ஹிஜ்ரி எண்ணான 1046இலிருந்து இம்முறை தொடங்கியது. அதற்குள் ஹிஜ்ரி முந்திச் சென்றிருந்தமையால், இரு பசலிகளுக்குமிடையே இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட இடைவெளி நிலைத்துவிட்டது.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. பழைய ஆவணமொன்றில் 'பசலி 1300' என்றிருந்தால், சென்னை மாகாணத்தில் அது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரையிலான காலம். வட இந்தியாவில் 1892 இலையுதிர்காலத்தில் தொடங்கிய ஆண்டு. நில உரிமை வழக்கிலும் வரிபாக்கிக் கணக்கிலும் இப்பிழை ஒருவரது உரிமையையே பாதிக்கக்கூடும்.

மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு, நாட்டில் வழங்கிய சுமார் 30 நாள்காட்டிகளை ஆராய்ந்து, 1955இல் அறிக்கை அளித்தது. அதன்படி வந்த தேசிய நாள்காட்டி கிரிகோரி நாள்காட்டியுடன் இணைந்து வழங்குகிறது. இந்திய அரசிதழ் இரு தேதிகளையும் தாங்கி வெளிவருகிறது. ஆயினும் பழைய முறைகள் மறையவில்லை. தமிழக கிராமக் கணக்குகள் இன்றும் பசலிப்படியே எழுதப்படுகின்றன. எனவே ஆவணத்தில் ஆண்டின் எண்ணைக் காண்போர், அது எந்த வட்டாரத்தின் கணக்கு, எந்த மாதத்தில் எழுதப்பட்டது என்னும் இரண்டையும் உறுதிசெய்த பின்னரே கி.பி. ஆண்டாக மாற்றுதல் வேண்டும்.