நின்ற பொயிலரை மீண்டும் மூட்டுமுன்

இடப்பெயர்வால் பூட்டிக் கிடந்த நெல் ஆலையைத் திருத்தித் திறப்பது ஊருக்கு நல்ல செய்தி. ஆயினும் நெல் அவிக்கும் நீராவிப் பொயிலரை நெடுநாளின் பின் முதன்முதல் மூட்டும் வேளை மிக அவதானம் தேவைப்படும் வேளையாகும்.

ஏன் ஆபத்து?

இரும்பு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். இது மெல்ல நடந்தால் தீங்கில்லை. திடீரென நடந்தால் ஒட்டு விடும், தகடு வெடிக்கும். 1998 செப்டெம்பர் 25இல் அவுஸ்திரேலியாவின் லோங்போர்ட் எரிவாயு ஆலையில் சூடான எண்ணெயின் ஓட்டம் நின்றதால், வெப்பமாற்றிக் கலமொன்று உறைநிலைக்கும் கீழே குளிர்ந்தது. எண்ணெயை மீண்டும் ஓடவிட்டதும் கலம் உடைந்து வாயு தீப்பற்றியது. 2 தொழிலாளர் இறந்தனர். 8 பேர் காயமடைந்தனர். தொழிலாளருக்குப் போதிய பயிற்சி அளிக்கப்படவில்லை என விசாரணை ஆணைக்குழு 1999இல் கண்டறிந்தது. பெரிய ஆலைக்கும் எமது ஊர் ஆலைக்கும் இயற்கை விதி ஒன்றே.

மூட்டுமுன்

1. உள்ளே ஆளோ, ஆயுதமோ, கந்தைத் துணியோ இல்லையெனப் பார்த்தபின்பே ஆள்துளையை மூடுவோம். புகைபோக்கியிலுள்ள கூடுகளை அகற்றுவோம்.

2. தகுதி பெற்ற பரிசோதகர் பொயிலரையும் அமுக்கமானியையும் பார்த்து அனுமதிக்கும்வரை தீ வேண்டாம்.

3. பாதுகாப்பு வால்வு துருப்பிடித்து இறுகியிருக்கலாம். அதைச் சரிசெய்விப்போம். அதன்மேல் பாரம் கட்டவே கூடாது.

மூட்டும்போது

4. முதலில் தண்ணீர், பிறகே தீ. நீர்மட்டக் கண்ணாடியின் கீழ்க் குழாயைத் திறந்து மூடினால் தண்ணீர் இறங்கி உடனே ஏறவேண்டும். ஏறாவிட்டால் குழாய் அடைத்துள்ளது.

5. மேலேயுள்ள காற்று வால்வைத் திறந்து வைத்து, நீராவி தொடர்ந்து வந்தபின் மூடுவோம்.

6. உமியைச் சிறிது சிறிதாகப் போட்டு, மெல்லச் சூடேற்றுவோம்.

7. நீராவிக் குழாயில் தேங்கிய தண்ணீரை வடித்தபின் பெரிய வால்வை மெதுவாகத் திறப்போம். வடிக்காவிட்டால் அத்தண்ணீர் சுத்தியல்போல அடித்துக் குழாயை உடைக்கும்.

ஒருபோதும் செய்யாதீர்

தீ எரிகையில் கண்ணாடியில் தண்ணீர் தெரியாவிட்டால் பச்சைத் தண்ணீர் விடாதீர்கள். தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். காய்ந்து சிவந்த பொயிலர் அதைத் தாங்காது. உமி போடுவதையும் காற்று ஊதுவதையும் நிறுத்தி, எல்லோரையும் தூர அனுப்பி, தானாக ஆறவிடுங்கள்.

அறுவடைக் காலத்தில் மூட்டைகளுடன் காத்திருக்கும் நாமே தீ மூட்டுபவரை, "கெதியாய் மூட்டு" என்று நெருக்குகிறோம். ஒரு நாள் பிந்தினால் அடுத்த நாள் அவிக்கலாம். போன உயிர் திரும்பாது.

கலந்துரையாட: எமது ஆலையில் பொயிலரை மூட்டுபவர் யார்? அவர் "இன்று வேண்டாம்" என்றால் நாம் கேட்போமா?